அறுபத்தொரு கிலோ கருப்பட்டி

இன்னும் ஒரு குழந்தை, ஒரு பெரியவர், அதற்கப்புறம் தன் முறை என்று பகவதி எண்ணி வைத்துக்கொண்டாள். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் தகரக் கொட்டகைக்கு அடியில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். வெளியே தேரிக்காட்டுச் செம்மணல் கொதித்தது. துலாபாரத் தராசின் ஒரு தட்டில் யாருடைய எட்டு மாதக் குழந்தையோ, மறு தட்டில் ஒரு தார் வாழைப்பழம். குழந்தையின் தட்டு லேசில் எழும்பாமல் நின்றதும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே கொஞ்சல். "எந்தாயி, என்ன கனம் கனக்கா பாரு, தொடையைப் பாரு, எத்தன மடிப்பு!" கனத்துக்குக் கொஞ்சல் கிடைக்கிற வயசு அதோடு சரி, அனுபவித்துக்கொள் மகளே என்று பகவதி மனதுக்குள் சொன்னாள். இவளும் அப்படிக் கொஞ்சப்பட்டவள்தானாம், அம்மா சொல்லுவாள். இப்போது அவள் தொடையில் எத்தனை மடிப்பு என்று எண்ண யாரும் இல்லை, எண்ணுகிறவர்கள் கொஞ்சுவதும் இல்லை. முந்தாநாள் காலையில் சென்னை வீட்டில், பல் விளக்குவதற்கு முன்னால், கண்ணாடி எடை மெஷினில் ஏறிப் பார்த்தாள். தொண்ணூற்றேழு. பத்து வருஷமாக அந்த மெஷினில் ஏறும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எண்ணைப் பார்ப்பாள். முந்தாநாள் மூடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த எண்ணைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்தது. தொண்ணூற்றேழு. நூறாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், பரவாயில்லை. எதிர்ப்பக்கம், தராசுக்கு அந்தாண்டை, நான்கு ஓலைப்பெட்டிகளுக்குக் காவலாக மைனி உட்கார்ந்திருந்தாள். புருஷன் நயினாரின் அக்கா, சண்முகத்தாய். நான்கு பெட்டியிலுமாகச் சேர்த்து அறுபத்தொரு கிலோ கருப்பட்டி. அறுபது கேட்டு, ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று மேலே ஒன்று போட்டு வாங்கியது. அறுபது என்று சொன்னது பகவதி.

நேர்ச்சை மைனியுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பகவதி டெங்குவில் விழுந்து, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்தபோது, "எந்திரிச்சு உக்காந்துட்டா எடைக்கு எடை கருப்பட்டி போடுதேன் சாஸ்தாவே" என்று மைனி நேர்ந்துகொண்டாள். அப்போது பகவதி நாற்பத்தொன்பது கிலோ. அப்புறம் மைனியின் மாமியார் செத்துத் தீட்டு, புருஷன் செத்துத் தீட்டு, கொரோனா, மகள் கல்யாணம் என்று தள்ளித் தள்ளிப் போயிற்று. இந்தத் தையில் போன் வந்தது. "சாமி கெனாவுல வந்து கேக்காரு. நேந்ததைப் போட்டுரணும். இப்ப எத்தன கிலோ இருக்க? கடையில வாங்குத கருப்பட்டியில சீனி கலக்கான். ஒரே ஒரு வீட்டுலதான் நெசக் கருப்பட்டி இருக்கு, அவன்கிட்டயும் போன வருசத்துது கொஞ்சந்தான் கிடக்கு. சரியாச் சொல்லு." பகவதி அந்த நேரத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. நேர்ச்சை குறைந்துபோவதைப் போல ஒரு கேவலம் மைனிக்கு இந்த உலகத்தில் கிடையாது. பொங்கலிட்டால் பானை பொங்கி வழிய வேண்டும், கிடா வெட்டினால் ஊரே சாப்பிட வேண்டும். சண்முகத்தாய் செய்ததில் குறை என்று சொந்தத்தில் ஒரு வாய் பேசியதில்லை. தராசில் ஏறினவர் முள் நேராகும் முன்னால் இறங்கக் கூடாது, இறங்கினால் நேர்ச்சை முறிந்தது, குடும்பத்துக்கு ஆகாது. எதிர்த் தட்டில் ஏறியது எதுவானாலும் சாஸ்தாவுக்குச் சொந்தம், திரும்ப எடுக்கக் கூடாது. இரண்டும் ஊரறிந்த விதி. இதெல்லாம் ஒரு வெங்காயம் நறுக்குகிற நேரத்துக்குள் அவள் தலைக்குள் ஓடி முடிந்தது. "அறுவது மைனி," என்றாள். "நெசமாவாட்டி?" "நாலு மாசமா டயட்டு மைனி. வாயைக் கட்டிட்டேன்." மைனி சிரித்தாள். "இப்பமாவது ரோசம் வந்துச்சே." போனை வைத்துவிட்டு மீதி வெங்காயத்தை நறுக்கினாள். ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை.

இன்று காலை காரிலிருந்து அவள் இறங்கியபோது மைனியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காரின் பின்கதவைத் திறந்து, முதலில் ஒரு காலை ஊன்றி, மேல்கம்பியைப் பிடித்து, தம் கட்டி, அவள் முழுசாக வெளியே வர எவ்வளவு நேரமானதோ அவ்வளவு நேரமும் மைனி பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மைனியின் கண் மெதுவாக ஓலைப்பெட்டிகள் பக்கம் போயிற்று. திரும்பி வந்தது. மற்ற வருஷமென்றால் வண்டி நிற்கும் முன்னாலேயே குரல் வந்துவிடும். "மெட்ராஸ்ல இருந்து தண்ணி லாரி வந்துட்டு, கொடத்தை எடுத்துட்டு வாங்க!" ஒன்பது வருஷமாக அதுதான் அவள் பெயர். மைனி வாயில் பகவதி என்ற பெயர் வந்து ஒன்பது வருஷமாகிறது. யாருக்காவது அறிமுகம் செய்தாலும் "நம்ம தம்பி பொண்டாட்டி, தண்ணி லாரி." போன வருஷம் மைனியின் மகள் கல்யாணத்தில், மேடையில் குடும்ப போட்டோவுக்கு நின்றபோது, மைக் போட்ட மாதிரி ஒரு குரல்: "ஏட்டி லாரி, நீ பின்னால போ, மறைக்க. நாங்கள்ளாம் தெரிய வேண்டாமா?" மேடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். நயினார், கட்டின புருஷன், அவரும் சிரித்தார். அவருக்கு வயிறு வேட்டிக்கு மேல் பானை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்த்து மைனி "என் தம்பிக்கு இப்பத்தான் ஆம்பளைக் களை வந்திருக்கு" என்பாள். ஆல்பம் வந்தபோது பார்த்தால் பகவதி ஒரு தோள்பட்டை. பச்சைப் பட்டு சுற்றிய ஒரு தோள்பட்டை மட்டும் ஓரத்தில். எட்டு நாள் கடைகடையாய் ஏறி எடுத்த பச்சைப் பட்டு. இன்றைக்கு அதையேதான் கட்டி வந்திருக்கிறாள். மைனி அதைக் கவனித்தாளோ என்னவோ. மைனி உட்கார்ந்திருக்கிற லட்சணத்தைப் பார், போன வருஷத்துக்கு இன்னும் மெலிந்திருக்கிறாள், ரவிக்கைக் கை தொளதொளவென்று ஆடுகிறது, கழுத்தெலும்பில் செயின் தனியாக நிற்கிறது. ஐம்பத்தெட்டு வயசில் இப்படி ஒரு உடம்பு. பார்க்கப் பார்க்கப் பகவதிக்கு வயிறு எரிந்தது.

குழந்தையை இறக்கினார்கள், பெரியவர் ஏறினார். பெரியவருக்கு நெல். மூட்டை பிரிக்க நேரமாகும். பகவதி தூணில் சாய்ந்துகொண்டாள். கால் கடுத்தது, குதிகாலில் அந்தப் பழைய குத்து. வாயைக் கட்டணும். வாயைக் கட்டணும். டாக்டர் சொல்லுகிறார், மைனி சொல்லுகிறாள், எதிர் பிளாட்டில் குடியிருக்கிற, தினம் இரண்டு ஐஸ்கிரீம் தின்கிற அந்தப் பல்லிக்குட்டி சொல்லுகிறாள். அப்படியானால் ஊரிலிருக்கிற வாயெல்லாம் ஒரே சமயத்தில் கட்டவிழ்ந்து போயிற்றா? பகவதிக்கு மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காக்காரர்களின் நோய்ச்சீட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்கான எண்ணைப் போட வேண்டும். உடல் பருமனுக்கு ஈ அறுபத்தாறு. அவள் சேர்ந்த புதிதில் ஒரு நாளைக்கு நாலு ஈ அறுபத்தாறு வந்தால் அதிகம். இப்போது எந்தச் சீட்டைத் திறந்தாலும் அது உட்கார்ந்திருக்கிறது, சர்க்கரைக்கும் முட்டுவலிக்கும் நடுவில், கூட்டத்தில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி. கீபோர்டில் அந்த எழுத்தும் அந்த எண்ணும் தேய்ந்துபோயின. முகம் தெரியாத அந்தப் பெண்களுக்கும் அங்கே ஒவ்வொரு மைனி இருப்பாளோ? காரணமில்லாமல் எடை குறைந்தால் அதற்கு வேறு எண், ஆர் அறுபத்துமூன்று புள்ளி நான்கு. அது எப்போதாவதுதான் வரும். அதைப் போடும்போது, பாவம் என்று நினைப்பதற்கு முன்னால், கொஞ்சம் பொறாமை வரும் அவளுக்கு. ஒன்பது மணி நேரம் நாற்காலி. எழுந்தால் திரையில் சிவப்பு விளக்கு, எத்தனை நிமிஷம் எழுந்தாள் என்று எவனோ குறிக்கிறான். போக ஒன்றே கால் மணி நேரம் வேனில், வர ஒன்றரை மணி நேரம் வேனில், இரண்டும் உட்கார்ந்துதான். நான்கு மணிக்குத் தட்டில் பப்ஸ் வரும், சும்மா வரும், கம்பெனிச் செலவு. சும்மா வருவதாலேயே ஒருத்தரும் வேண்டாமென்று சொல்வதில்லை. வாரத்துக்கு மூன்று பேருக்குப் பிறந்தநாள், மூன்று கேக். சாப்பிடாவிட்டால் "என்ன மேடம், டயட்டா?" என்று ஒரு சிரிப்பு, சாப்பிட்டால் வேறு ஒரு சிரிப்பு. வீட்டுக்கு வந்து சமைக்கத் தெம்பில்லாத நாளில் போனை அமுக்கினால் பரோட்டா வாசலுக்கு வரும். நடக்கலாமே என்பார்கள். எங்கே நடக்க? தெருவோரத்தில் பைக், பைக்குக்கு அடியில் நாய், நடைபாதை முழுக்கக் கடை. கொஞ்ச நாள் பூங்காவில் நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழங்கள் அவள் ஒவ்வொரு சுற்று வரும்போதும் "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினார்கள். ஏழாவது நாளிலிருந்து அவள் வேறு நேரத்துக்குப் போனாள், அப்புறம் போகவில்லை. கொள்ளுத் தண்ணீர் குடித்தாள், முட்டை மட்டும் தின்றாள், முடி கொட்டிற்று, எட்டு கிலோ குறைந்தது, ஒரு மழைக்காலத்துக்குள் பத்தாகத் திரும்பி வந்தது. தைராய்டு பார்த்தார்கள். அந்த ரிசல்டுக்குக் காத்திருந்த இரண்டு நாளும் தைராய்டு இருக்க வேண்டுமென்று அவள் வேண்டிக்கொண்டாள். நோய் வேண்டும் என்று சாமியிடம் கேட்ட பெண். நோயென்றால் மாத்திரை உண்டு, மரியாதை உண்டு, "பாவம் தைராய்டு" என்பார்கள். நார்மல் என்று வந்தது. வெளியே வந்து லிப்டில் அழுதாள்.

அதெல்லாம் சரி, ஆரம்பித்து வைத்தது யார்? மைனிதானே. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மைனி வீட்டுக்குத்தான் கூட்டிப் போனார்கள், தூத்துக்குடிக்கு. மூன்று மாதம். விடிந்ததும் உளுந்தங்களி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் விட்டு. பதினோரு மணிக்குப் பருத்திப்பால். மத்தியானம் சோறு, ஒரு கை நெய், மீன் தலை. நாலு மணிக்கு இரண்டு முட்டை. போதும் மைனி என்றால் "சாவக் கெடந்தவளுக்கு என்னட்டி போதும்?" என்று இன்னொரு கரண்டி விழும். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது, மைனி வீட்டில் அது சட்டம். சோற்றைக் கொட்டுகிற கை விளங்காது. அந்தச் சட்டம் பகவதியோடு சென்னைக்கு வந்துவிட்டது. மகள் ஆதிரை மிச்சம் வைத்ததை, நயினார் பாதியில் எழுந்த தட்டை, சட்டியில் ஒட்டியிருக்கிற கடைசி இரண்டு கரண்டியை, பதினோரு வருஷமாக அவள்தான் தின்று தீர்த்தாள். நின்றுகொண்டே, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில். ஏற்றிவிட்டவள் மைனி, ஏறிவிட்டாய் என்று ஊரைக் கூட்டிச் சிரிப்பவளும் மைனி. ஆனால் இங்கே வந்ததும் நினைப்பு எப்போதும் ஒரு இடத்தில் சிக்கும். சிக்க வேண்டாமென்று பகவதி தள்ளிவிடப் பார்த்தாள், போகவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண் திறந்த அந்தக் காலை. இரண்டு வயது ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைனி ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தலை வாரவில்லை. "முழிச்சிட்டாளே, எந்தங்கம் முழிச்சிட்டாளே" என்று மைனி போட்ட கத்தலில் நர்ஸ் ஓடி வந்தாள். பெற்ற அம்மாகூட அப்படிக் கத்தவில்லை. அந்த வாய்தான். அதே வாய். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத் தண்ணி லாரி என்று பெயர் வைத்தது. ஒரு வாய் எதற்காக இரண்டையும் செய்கிறது? அந்தக் கத்தலுக்காக விட்டுவிடலாமா? எத்தனையோ தடவை விட்டாயிற்று. விட்டுவிட்டு விட்டுவிட்டுத்தான் ஒன்பது வருஷம் ஓடிற்று. போன கார்த்திகையிலிருந்து விட முடியவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ஆதிரை தட்டில் இரண்டு தோசையையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பதிமூன்று வயது. மூன்று வாரமாகவே டிபன் பாக்ஸ் நிரம்பித்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது. "என்னடி, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள் பகவதி. பெண் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள், "நான் தண்ணி லாரி ஆக மாட்டேன்மா." கோபத்தில் சொல்லவில்லை, கேலியாகவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி சொன்னாள். அந்தக் கல்யாண மேடையில் பெண்ணும் பக்கத்தில்தான் நின்றாள். முன்வரிசையில் நின்றாள். சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். பகவதி அந்த இரண்டு தோசையையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள், வழக்கம்போல. வாய்க்குப் போகவில்லை. கையிலேயே ஆறிற்று. குப்பையில் போட்டாள். என்னைச் சொல்லு, பொறுத்துக்கொள்கிறேன், நான் எருமைத்தோல். என் பிள்ளை வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கிவிட்டாயே பாவி. அந்தக் குப்பைக் கூடைக்குமுன் நின்றபோதுதான் பகவதிக்குள் ஏதோ ஒன்று கெட்டித்தட்டிப் போயிற்று. தையில் போன் வந்தபோது வாய் தானாகச் சொன்னது அறுபது. இதோ இந்தக் கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர், எல்லாம் சொந்தம். இவர்கள் முன்னால் சண்முகத்தாயின் நேர்ச்சை குறையட்டும். நான்கு பெட்டியும் ஏறி, தட்டு அசையாமல் இருக்கட்டும். 'என்னளா சண்முகத்தாய், சாமிக்கே குறைச்சிட்டியே' என்று நாலு பேர் கேட்கட்டும். மைனி எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நிற்பாள். அந்த ஒரு நிமிஷம் போதும். தன் எடையும் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று ஒரு பயமும் இருந்தது. தெரியட்டும். தெரியாத மாதிரியா இருக்கிறது?

"அடுத்தது யாரு? சம்முவத்தாய் ஆச்சி நேர்ச்ச!" தராசுக்காரர் சுடலை கூப்பிட்டார். அது பழைய கருப்பட்டி மண்டித் தராசு, மைனியின் மாமனார் கோயிலுக்குக் கொடுத்தது. உத்திரத்தில் இரும்புச் சங்கிலி, சங்கிலியில் தேக்குப் பலகைத் தட்டு, கீழே கருங்கல் தரை. பகவதி பச்சைப் பட்டை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். பலகை முனகிற்று. சுடலை முதல் பெட்டியை வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. கருப்பட்டி வாசனை வெயிலில் இளகி வந்தது. நான்காவது பெட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டி நிமிர்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. பகவதி கல்மேல் கல்லாக உட்கார்ந்திருந்தாள். இப்போது, இப்போது என்று அவள் காத்திருந்தாள். பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "நாலு பெட்டி போட்டும் அசையலையே, யம்மா!" இன்னொருத்தர், "சங்கிலி தாங்குமாலே?" பத்துப் பன்னிரண்டு போன்கள் மேலே எழும்பின, எல்லாம் அவள் பக்கம். ஒன்றுகூட மைனி பக்கம் இல்லை. மைனி சத்தமாகச் சொன்னாள், யாரையும் பார்க்காமல்: "போன்ல கேட்டேன், அறுவதுன்னா." அவ்வளவுதான். கொட்டகை சிரிப்பில் குலுங்கிற்று. ஐயோ பாவம், வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள்! பொம்பளை எடையையும் வயசையும் சரியாகச் சொல்வாளா! பகவதிக்குக் காதில் சூடு ஏறிற்று. எல்லாம் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. தராசு எந்தப் பக்கம் குறைந்தாலும் பார்க்கிறவன் தடித்தவளைத்தான் பார்ப்பான். மூன்று மாதம் நெஞ்சில் வைத்துப் பழுக்க வைத்தது, ஒரு அசட்டுப் பெண்ணின் அசட்டுப் பொய்யாக ஆகிவிட்டது. கூட்டத்தில் ஆதிரை தெரிந்தாள். பெண்ணின் கண் தரையில் இருந்தது.

நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எறங்கு பகவதி. மிச்சத்தை அடுத்த வருசம் பாத்துக்கலாம்." எழுந்துவிடலாம் போலத்தான் இருந்தது. எழுந்து, காருக்குள் போய், கதவைச் சாத்தி. ஆனால் உடம்பு எழவில்லை. தொண்ணூற்றேழு கிலோவும் பலகையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமாக எங்கே போனாலும் குறுக்கிக்கொண்டு, ஓரம் கட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போன உடம்பு. "முள் நேராவாம எறங்கக் கூடாது," என்றாள். "சாமி காரியம். மைனியத்தான் கேக்கணும்." சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. சுடலை தலையைச் சொறிந்தார். "அவிய சொல்லுதது சரிதான். எறங்கினா நேர்ச்ச முறிஞ்சிரும்லா." ஒருவர், ரோட்டுக்கடையில் வெல்லம் கிடைக்கும் என்றார். மைனி சுருக்கென்று திரும்பினாள். "கருப்பட்டின்னுதான் நேந்தேன். வெல்லத்தை வச்சு ஏமாத்த அவரு என்ன சின்னப் பிள்ளையா?" அடுத்து துலாபாரத்துக்கு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நேரம் போயிற்று. பகவதி சம்மணம் போட்டபடி மைனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் கூட்டத்தின் கண் ஒவ்வொன்றாக மைனி பக்கம் திரும்பிற்று. மைனி தராசைச் சுற்றி வந்து, குனிந்து, அவள் காதோரம் கேட்டாள். வாயில் கஷாய வாடை. "தெரிஞ்சேதான் சொன்னியா?" இந்தக் கேள்விக்காக மூன்று மாதம் காத்திருந்தாள். "ஆமா மைனி," என்றாள் பகவதி. பதில் வெல்லமாக இனித்தது. மைனி திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டவில்லை. நிமிர்ந்து, சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, எதிர்த் தட்டுக்குப் போய், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் காலை வைத்தாள்.

"ஆச்சி, என்ன செய்யுதீய! ஏறினதெல்லாம் சாமிக்குச் சொந்தமாயிரும்லா!" என்று சுடலை பதறினார். "நான் எப்பமே அவருக்குச் சொந்தந்தாம்லே. பேசாம சங்கிலியப் பிடி," என்று சொல்லிவிட்டு மைனி பெட்டிகளுக்கு மேல் உட்கார்ந்தாள். சங்கிலி கிரீச்சிட்டது. பகவதிக்குக் கீழே கல் விலகிற்று. முதலில் ஒரு விரல், அப்புறம் ஒரு சாண். அவளை யாராவது, எதுவாவது தரையை விட்டுத் தூக்கி எத்தனை வருஷம்! பெண்கள் குலவையிட்டார்கள். முள் ஆடி ஆடி நடுவில் நின்றது. சுடலை கற்பூரத் தட்டு எடுக்க உள்ளே ஓடினார். எதிரும் புதிருமாக, ஒரே உயரத்தில், மைனியும் அவளும் தொங்கினார்கள். தொண்ணூற்றேழில் அறுபத்தொன்று போக. பகவதியின் தலை தானாகக் கழித்தது, வேலைப் பழக்கம். முப்பத்தாறு. முப்பத்தாறு கிலோ. அவள் மறுபடியும் கழித்துப் பார்த்தாள். அதே முப்பத்தாறு. போன வருஷம் கல்யாணத்தில் மைனி எப்படியும் ஐம்பது இருந்திருப்பாள். இப்போது கிட்டத்தில் பார்த்தால் கன்னத்தில் குழி, மணிக்கட்டில் வளையல் முழங்கை வரை ஓடுகிறது, கண்ணோரத்தில் மஞ்சள். காலையிலிருந்து எதைப் பார்த்து வயிறு எரிந்ததோ அதற்கு ஒரு எண் உண்டு. ஆர் அறுபத்துமூன்று புள்ளி நான்கு. அந்த எண்ணுக்குக் கீழே அடுத்தடுத்து என்னென்ன எண்கள் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். நூறு சீட்டுகளில் பார்த்திருக்கிறாள். சாமி கனவில் வந்து கேட்டாராம். சாமி ஏன் இந்த வருஷம் பார்த்து அவசரமாகக் கேட்டாரென்று மைனிக்குத் தெரிந்திருக்கும். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். வாயைக் கட்டியவள்.

நாளைக்கு இவளைத் தூத்துக்குடியில் பெரிய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று பகவதி நினைத்தாள். வர மாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போக வேண்டும், முப்பத்தாறு கிலோ என்ன பெரிய எடை, ஒரு கையில் தூக்கலாம். அது நாளைக்கு. இன்றைக்கு மைனியின் முகத்தில் புதிதாக ஒன்று தெரிந்தது. மைனி கீழே கருங்கல் தரையைப் பார்த்தாள், பகவதியைப் பார்த்தாள், இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறந்தான் பகவதிக்கும் விளங்கிற்று. எதிர்த் தட்டைப் பிடிக்க ஆள் இல்லை. பகவதி இப்போது எழுந்து குதித்தால் மைனி கருப்பட்டியோடு கல்லில் போய் மோதுவாள். அந்த எலும்பு தாங்காது. பகவதி உட்கார்ந்திருப்பதால்தான் மைனி மேலே இருக்கிறாள். இந்தக் கனம்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூட்டமும் அதைப் பார்த்துவிட்டது போல, குலவை நின்றுபோயிற்று. பகவதி லேசாக, வேண்டுமென்றே, ஒரு காலைப் பலகையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். தட்டு ஆடிற்று. மைனியின் உதடு காய்ந்திருந்தது. "ஏட்டி," என்றாள். அடுத்து வரவேண்டிய அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்ததைப் பகவதி கண்ணால் பார்த்தாள். வந்தது, நின்றது, உள்ளே போயிற்று. "பைய எறங்கு," என்றாள் மைனி. அப்புறம், மிகவும் சின்னக் குரலில், "பைய எறங்கு... பகவதி."

ஒன்பது வருஷம். பெயர் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது. கண்ணை நீர் மறைத்தது, அதுவும் மைனிக்காகவா தனக்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் ஆதிரையைத் தேடினாள். பெண் இப்போது தரையைப் பார்க்கவில்லை, நேராக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகவதி ஓரத்துக்கு நகர்த்திய காலை இழுத்துக்கொண்டு, சம்மணத்தை இன்னும் நன்றாகப் போட்டு, பட்டை மடியில் நீவிவிட்டுக்கொண்டாள்.

"கேக்கல மைனி," என்றாள். "எம்மவளுக்கும் கேக்கணும். சத்தமாச் சொல்லுங்க."